சுழல் கீறல் (கார் வண்ணப்பூச்சு)

சுழல் கீறல் என்பது கார் வண்ணப்பூச்சின் மேல்படலத்தில் விழும் மிக மெல்லிய கீறல்களின் கூட்டமாகும். நிழலில் நிற்கும் வண்டியில் இது தெரியாது. வெயிலிலோ தெருவிளக்கின் அடியிலோ நிறுத்தினால், ஒளி விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல வட்டவட்டமாகத் தெரியும். எல்லா நிற வண்டிகளிலும் இக்கீறல்கள் உண்டு என்றாலும் கறுப்பு வண்டியில்தான் உரிமையாளரின் கண்ணை உறுத்தும். கல் குவாரிகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புது வண்டியிலேயே சில மாதங்களில் இவை விழுந்துவிடுகின்றன. பழி தூசியின் மேல் போடப்படுகிறது. ஆனால் வண்டியின்மேல் சும்மா படிந்து கிடக்கும் தூசி கீறுவதில்லை. அதைத் துடைக்கும் கைதான் கீறுகிறது. அந்தக் கீறலை எடுப்பதற்காகச் செய்யும் பாலிஷ், பூச்சையே சிறிது தின்றுவிடுகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

பூச்சின் அடுக்குகள்

இன்றைய காரின் இரும்புத் தகட்டின்மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும். துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியால் படியவைக்கும் பூச்சு முதலாவது. அடுத்தது பிரைமர். மூன்றாவது நிறம் தரும் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற, கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்'. நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான்; அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வண்டியின் பளபளப்பு முழுவதும் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, கீழே உள்ள நிறத்தைக் காக்கும் பொருள்களும் இதில்தான் கலந்துள்ளன.

சுழல் கீறலின் ஆழம் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான் அளவே. விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பார்க்கலாம். நகம் தட்டாமல் வழுக்கிச் சென்றால் பாலிஷில் போகக்கூடிய கீறல். நகம் சிக்கினால் அது கிளியர் கோட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. பாலிஷ் போட்டு அதை முழுதாக எடுக்க முயல்வது வீண்.

பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் கிளியர் கோட் தனியாக இருக்காது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். கண்ணில் படாத ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் பாலிஷைத் தொட்டுத் தேய்த்தால், துணியில் கறுப்பு ஏறுகிறதா என்பதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம்.

கறுப்பில் ஏன் தெரிகிறது, வட்டமாக ஏன் தெரிகிறது

கறுப்பு நிறமி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள கறுப்பு வண்டியிலிருந்து நம் கண்ணுக்கு வருவது, மேற்பரப்பு கண்ணாடியைப் போலத் திருப்பி அனுப்பும் ஒளி மட்டுமே. அந்தப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அதன் ஓரங்கள் ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளி கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று தெரியும். வெள்ளை வண்டியில் நிறமியே ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்துக்கொண்டிருப்பதால், கீறலின் சிறு ஒளி அதற்குள் காணாமல் போகிறது. சாக்பீஸ் கோடு கரும்பலகையில் தெரிவதும் வெள்ளைச் சுவரில் தெரியாததும் இதே காரணத்தால்தான்.

வட்டமாகத் தெரிவது இன்னும் சுவையான விஷயம். கீறல்கள் உண்மையில் வட்டமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. அவை எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. மெல்லிய கீறல் ஒன்றில் படும் ஒளி, அந்தக் கீறலுக்குக் குறுக்கான திசையில் மட்டும் விசிறி போல விரியும். ஆகவே பூச்சில் தெரியும் சூரியனின் பிம்பத்தைச் சுற்றியுள்ள கீறல்களில், பிம்பத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளி அனுப்பும். பிம்பத்தை நோக்கி நீளுபவை மறைந்துவிடும். குறுக்காகக் கிடப்பவற்றை மட்டும் கண் சேர்த்துப் பார்க்கும்போது வட்டங்கள் உருவாகின்றன. பல வருடம் புழங்கிய எவர்சில்வர் தட்டைக் குண்டு பல்புக்கு அடியில் பிடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பிம்பம் போகும் இடத்துக்கெல்லாம் வட்டமும் கூடவே போகும். தட்டில் வட்டம் எதுவும் வரையப்பட்டிருக்கவில்லை என்பது அப்போது விளங்கும். மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய நல்ல சோதனை இது.

இரண்டு மாவட்டத்துத் தூசி

பெரம்பலூரும் அரியலூரும் அடுத்தடுத்த மாவட்டங்கள். அரியலூர் 2007ஆம் ஆண்டில்தான் மீண்டும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் நிலத்தின் அடியில் இரண்டு பக்கமும் வேறு வேறு கதை. பெரம்பலூரின் மேற்குப் பகுதியில் சார்னோகைட், நைஸ் போன்ற மிகப் பழைய கடினப் பாறைகள் உள்ளன. ஜல்லிக்காக உடைபடுவது இந்தப் பாறைதான். கிழக்கே அரியலூர்ப் பக்கம் கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் படியவைத்த மண்ணும் சுண்ணாம்புக்கல்லும். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரமும், வாரணவாசி அருங்காட்சியகத்தில் உள்ள தொல்லுயிர் எச்சங்களும் அக்காலத்தின் சாட்சிகள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், ஆலத்தியூர், தளவாய் முதலிய இடங்களில் சிமெண்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணம் இந்தக் கல்லே.

கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் நம் நகம் சுமார் 2.5, சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கிளியர் கோட் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த பொருள். இந்தக் கனிமங்கள் எல்லாவற்றையும்விட மிருதுவானது. எனவே சுண்ணாம்புத் தூசியும் அதைக் கீறும். ஆனால் குவாரித் தூசியில் உள்ள ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் இன்னும் ஆழமாகக் கீறும். பெரம்பலூர்ப் பக்கத்துத் தூசி கீறுவதில் கெட்டிக்காரத் தூசி என்றால், அரியலூர்ப் பக்கத்துத் தூசி ஒட்டிக்கொள்வதில் கெட்டிக்காரத் தூசி. சிமெண்ட் கலந்த தூசியின்மேல் மார்கழிப் பனி இறங்கினால் சிமெண்ட் நீரோடு சேர்ந்து இறுகத் தொடங்கும். அந்த ஈரம் கடுமையான காரத்தன்மை உடையது. வெயிலில் காய்ந்தபின் பூச்சோடு பற்றிக்கொள்ளும். அதைக் காய்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

இப்படிப் பற்றிய சிமெண்ட் படலத்துக்குத் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் உதவும். அமிலம் சிமெண்டைக் கரைக்கும். துணியை அதில் நனைத்து மேலே போர்த்தி, சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பித்தளைக் குடத்துக்குப் போடுவது போலப் புளியைப் போட்டுத் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. புளியிலும் அமிலம் இருக்கிறது, உண்மைதான். அதிலுள்ள நாரும் மண்ணும் என்ன செய்யும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கீறல் விழும் விதம்

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பனியன் வேஸ்ட்டை எடுத்துப் பானெட்டின்மேல் ஒரு சுற்றுச் சுற்றுவது நம் ஊர் டிரைவர்களின் வழக்கம். வண்டியின்மேல் உள்ள மரியாதையால் செய்வதுதான். ஆனால் அந்தச் சில நொடிகளில் விழும் கீறல்கள், அந்த வண்டி தேசிய நெடுஞ்சாலையில் திருச்சிக்குப் போய்த் திரும்புவதால் விழுவதைவிட அதிகம். துணி எவ்வளவு மிருதுவானது என்பது இங்கே முக்கியமல்ல. துணிக்கும் பூச்சுக்கும் நடுவில் மாட்டிய மணல்துகள்தான் கீறுகிறது. நூல் குஞ்சம் வைத்த டஸ்டரும் இதையேதான் செய்கிறது. வாட்டர் சர்வீஸில் ஒரே வாளித் தண்ணீரில், லாரியின் சக்கரத்தைத் தேய்த்த அதே ஸ்பாஞ்சால் காரையும் தேய்ப்பது இன்னொரு காரணம்.

ஆயுதபூசைக்குப் பானெட்டில் வைக்கும் சந்தனம், குங்குமம், விபூதியையும் சொல்ல வேண்டும். காய்ந்தபின் நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணி வைத்து ஊறவிட்டு வழித்தெடுத்தால் ஒன்றும் ஆகாது.

பாலிஷ் என்ன செய்கிறது

பட்டறைகளில் 'பாலிஷ்' என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைக் குறிப்பிடுகிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. காம்பவுண்ட் என்பது சற்றுப் பருமனான உராய்வுத் துகள் கொண்ட களிம்பு. பாலிஷ் என்பது அதைவிட நுண்ணிய துகள் கொண்டது; பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மெழுகில் உராய்வுத் துகள் கிடையாது.

கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப வழி இல்லாததால், சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்துச் சமமாக்குவதே பாலிஷ். அதாவது கீறல் போவதில்லை. கீறல் இருந்த அளவுக்குக் கிளியர் கோட் போகிறது. மென்மையான பாலிஷ் ஒரு தடவைக்கு ஓரிரு மைக்ரான் எடுக்கும். காம்பவுண்டும் கம்பளிப் பேடும் சேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு எடுக்கலாம். 40 மைக்ரான் உள்ள படலத்தில் தடவைக்கு 4 மைக்ரான் வீதம் ஐந்து தடவை எடுத்தால் பாதி போய்விட்டது. மீதி கண்ணாடி போலவே பளபளக்கும். ஆனால் சில வருட வெயிலில் கூரையும் பானெட்டும் வெளுத்துத் தோல் உரியத் தொடங்கும். அதன்பின் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. கல்யாண சீசன் தோறும் கறுப்பு வண்டிக்குக் காம்பவுண்ட் போட்டு வாடகைக்கு விடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு பட்டறையில் என் வண்டிக்குப் பாலிஷ் போட்டார்கள். புது வண்டி போல வந்தது. ஒரு மாதம் மழையில் ஓடியதும் பழைய கீறல்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. போட்டது பாலிஷ் அல்ல, கீறலுக்குள் எண்ணெய்ப் பசையை நிரப்பி மறைக்கும் கிளேஸ். இதைக் கண்டுபிடிப்பது எளிது. வேலை முடிந்ததும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து நனைத்த துணியால் ஓரிடத்தைத் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் போதும். உண்மையில் எடுத்த கீறல் திரும்பாது.

முறையாகச் செய்வதென்றால் முதலில் வண்டியை நன்றாகக் கழுவி, களிமண் போன்ற கிளே பார் கொண்டு பூச்சில் பதிந்துள்ள துகள்களை எடுக்க வேண்டும். பிறகு ஒரு சாண் அகலப் பரப்பில் மட்டும், இருப்பதிலேயே மென்மையான பாலிஷையும் மென்மையான ஃபோம் பேடையும் வைத்துச் சோதிக்க வேண்டும். அதில் போதுமான அளவு கீறல் போனால் காம்பவுண்டைத் திறக்கவே வேண்டாம். எடுத்தவுடன் கடினமானதில் தொடங்குவது பட்டறைகளின் அவசரம். ஒரே அச்சில் சுழலும் பஃபிங் மெஷின் வேகமாக வேலை செய்யும். ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டால் பூச்சு சூடேறி எரிந்துவிடும். கை பழகாதவர் ஓட்டினால் கறுப்பில் பட்டைபட்டையாக மின்னும் தடங்களையும் விட்டுச்செல்லும். சுழன்றுகொண்டே அலைந்தாடும் இரட்டை அசைவு மெஷின் மெதுவானது, புதியவர்களுக்குப் பாதுகாப்பானது. கதவு ஓரம், பானெட்டின் மடிப்பு போன்ற இடங்களில் பூச்சு மெல்லியது. அங்கே டேப் ஒட்டி மறைத்துக்கொள்வது வழக்கம். வேலையை நிழலில்தான் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் கறுப்புத் தகட்டில் கையை வைக்க முடியாது. களிம்பு தேய்ப்பதற்குள் காய்ந்துவிடும்.

எல்லாக் கீறலையும் எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. பத்தில் எட்டுப் போனால் நிறுத்திக்கொள்வதே என் கருத்தில் புத்திசாலித்தனம்.

மெழுகு

கார் மெழுகுகளில் பெயர்பெற்றது கார்நௌபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் மெழுகு அது. வறட்சியில் ஓலையின் ஈரம் போகாமல் காக்கும் வேலையை அந்த மரத்துக்குச் செய்கிறது. இயற்கை மெழுகுகளில் இதன் உருகுநிலை மிக உயர்ந்தது, ஏறக்குறைய 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். மெழுகு கீறலை எடுக்காது. தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடவும், தூசி இறுகப் பற்றாமல் கழுவும்போது எளிதில் வரவும் உதவும். கீறலைத் தடுக்க இதுவே பெரிய உதவி. மிக மெல்லியதாகப் பூசி, மங்கியதும் துடைத்தெடுக்க வேண்டும். தடிமனாகப் பூசுவது வீண் செலவு. வெயிலிலும் கழுவலிலும் கரைவதால் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசவேண்டி வரும். செயற்கை சீலண்டும் சிலிக்கா சார்ந்த செராமிக் கோட்டிங்கும் அதிக நாள் நிற்கும். ஆனால் அவற்றின் மேலும் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். தேங்காய் எண்ணெய் தடவுவது ஒருநாள் மினுக்கு. மறுநாள் ஊர்த் தூசியெல்லாம் அதில் ஒட்டியிருக்கும்.

கழுவும் முறை

முதலில் கையே படாமல் மேலிருந்து கீழாகத் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டே மீண்டும் ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். வெறும் தண்ணீர் வாளியின் அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால், அது எங்கே உராய்ந்திருக்கும் என்பது தெரியும். சோப்புத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகை வழித்துவிடும். சக்கரங்களுக்குத் தனித் துணி. அதைக் கடைசியில் பயன்படுத்த வேண்டும்.

சுண்ணாம்புக்கல் பகுதியின் போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். கறுப்புப் பூச்சில் அதன் துளி காய்ந்தால் வெள்ளை வளையம் நிற்கும். அதனால் வெயில் ஏறுவதற்கு முன் கழுவி, மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றியெடுக்க வேண்டும். துண்டு தரையில் விழுந்துவிட்டால் உதறிவிட்டுத் தொடரக்கூடாது. அன்றைக்கு அதைத் துவைக்கப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும்.