டாப் ஸ்டேஷன்: இடம் நம்மூரு... ரோடு கேரளா!

போடி: மூணாறுக்கு டூர் போய் வந்தவங்க, "டாப் ஸ்டேஷனும் பார்த்தாச்சு" என்று பெருமையாக சொல்வது வழக்கம். ஆனால் அந்த இடம் கேரளாவில் இல்லை. நம்ம தேனி மாவட்டம் கொட்டகுடி ஊராட்சியில் இருக்கிறது என்பது பலருக்கு தெரியாது.

தமிழக - கேரள எல்லையில் சுமார் 1,880 மீட்டர் உயரத்தில் உள்ளது இந்த மலை முகடு. ரோட்டில் இருந்து இறங்கும் பாதை காட்சி முனைக்கு போகிறது. வழி நெடுக டீக்கடை, பழக்கடைகள். பார்வை மேடையில் நின்றால் காலுக்கு கீழே குரங்கணி பள்ளத்தாக்கு. வானம் தெளிவாக இருந்தால் போடி பக்கத்து சமவெளியும் தெரியும். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். மேகம் மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது.

ரயில் இல்லாத ஸ்டேஷன்

சரி, மலை உச்சிக்கு எப்படி ஸ்டேஷன்னு பேரு வந்தது? எல்லாம் டீத்தூள் செய்த வேலை.

மூணாறு தேயிலையை கீழே கொண்டு வர வெள்ளைக்காரர்கள் 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-ல் அது 2 அடி அகல குட்டி ரயில் பாதையாக மாறியது. ரயில் குண்டளை வழியாக இந்த முகடு வரைதான் வரும். அதற்கு மேல் செங்குத்தான சரிவு. எனவே தேயிலை பெட்டிகளை ரோப் காரில் கட்டி கொட்டகுடிக்கு இறக்கினார்கள். மேலே இருப்பது டாப் ஸ்டேஷன், கீழே இருப்பது பாட்டம் ஸ்டேஷன். நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரில் இன்றும் ஒரு குடியிருப்பு உண்டு. கொட்டகுடியில் இருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்த தேயிலை, பிறகு ரயிலேறி, கப்பலேறி இங்கிலாந்து போனது.

1924 ஜூலையில் கொட்டிய பேய்மழை எல்லாவற்றையும் அடித்துப் போனது. தண்டவாளம் மறுபடி போடப்படவே இல்லை. மூணாறு ரயில் நிலைய கட்டடம் பின்னர் தேயிலை கம்பெனி ஆபீஸ் ஆகிவிட்டது.

சுற்றித்தான் போகணும்

குரங்கணியில் இருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற இடம்தான். ஆனால் பஸ், கார் போக வழியில்லை. போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என கேரளாவை சுற்றி, மூணாறில் இருந்து இன்னும் 32 கி.மீ. போக வேண்டும். சுற்றுலா பயணிக்கு இது ஜாலி. அங்கே குடியிருக்கும் ஜனங்களுக்கோ தாலுகா ஆபீஸ் போகணும்னாலே ஒரு நாள் பொழப்பு போச்சு! குரங்கணியில் இருந்து ரோடு போட வேண்டும் என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. நடுவில் இருப்பது காடு என்பதுதான் சிக்கல்.

மறக்க முடியாத மார்ச்

நடந்து போகலாமே என்று யாரும் தன்னிச்சையாக கிளம்ப வேண்டாம். 2018 மார்ச் 11-ல் கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் அதிகமானோர் பலியானது இதே மலைத்தொடரில்தான். கோடையில் ஆள் உயர புல் சருகாக காய்ந்து கிடக்கும். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. அதனால்தான் வனத்துறை அனுமதி, வழிகாட்டி எல்லாம் கட்டாயம். 2024 முதல் மலையேற்றத்துக்கு ஆன்லைனில் பதிவு செய்யும் வசதியை தமிழக வனத்துறை கொண்டு வந்துள்ளது.

இந்த மலைகளில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. அதுக்குள்ளேயாவது மலை ஜனங்களுக்கு ஒரு வழி பிறக்குமா?