யானைப் பாதையும் படிப் பாதையும்

"காத்தில்லாப் பயிற்சின்னா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டே செய்யணுமா சார்?"

கேட்டவர் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. காலை நடை முடிந்து மைதானத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஜிம்முக்குப் போகும் மகன் முந்தின நாள் ராத்திரி, "நீங்க நடக்கிறது வெறும் ஏரோபிக்ப்பா, அனேரோபிக்கும் செய்யணும்" என்று சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி சும்மா விடுகிற ஆளில்லை. மகளுடைய அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதில் 'காற்றுள்ள சுவாசம், காற்றில்லா சுவாசம்' என்று போட்டிருக்கிறது. குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

நான் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தவன். இந்தக் கேள்வியை எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை, சொல்லின் மேல். ஏரோபிக், அனேரோபிக் இரண்டும் 1860களில் லூயி பாஸ்டர் கிருமிகளுக்காக உண்டாக்கிய சொற்கள். அவர் பார்த்த சில கிருமிகள் நிஜமாகவே காற்றில்லாமல் வாழ்ந்தன. சாதாரண மனிதன் அப்படி ஐந்து நிமிடம் தாங்க மாட்டான். மூட்டை தூக்குகிறவரைச் சுற்றிக் காற்று இருக்கிறது, அவர் நுரையீரலிலும் இருக்கிறது. ஆனால் அவருடைய தொடைத் தசை அந்த நொடியில் கேட்கிற சக்தி, ரத்தம் கொண்டுவந்து சேர்க்கும் ஆக்சிஜனை மட்டும் வைத்துத் தயாரிக்கக் கூடியதைவிட அதிகம். 'காற்றில்லா' என்பதற்கு இங்கே அவ்வளவுதான் அர்த்தம்.

"பழனிக்குப் போறீங்கள்ல, படியில ஏறுவீங்களா, யானைப் பாதையிலயா?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் படிதான் சார். இப்ப யானைப் பாதை."

இரண்டும் போய்ச் சேருவது ஒரே சன்னிதிக்கு. ஏறுகிற உயரமும் அதேதான், தூக்கிச் செல்கிற உடம்பும் அதேதான். ஆனால் படியில் விறுவிறுவென்று ஏறினால் பாதியிலேயே தொடை எரிகிறது, கைப்பிடிச் சுவரைத் தேடுகிறோம். யானைப் பாதையில் வளைந்து வளைந்து மெல்ல ஏறினால், துவரம்பருப்பு விலையைப் பேசிக்கொண்டே உச்சிக்குப் போய்விடலாம். நிமிடத்துக்கு எவ்வளவு சக்தி கேட்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. நடந்தால் ஏரோபிக், எடை தூக்கினால் அனேரோபிக் என்று பயிற்சியின் பெயரை வைத்துப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அண்ணாச்சியின் மகனுக்கு யானைப் பாதையாக இருக்கும் வேகம், நேற்று வரை கட்டிலில் படுத்திருந்த நோயாளிக்குச் செங்குத்தான படி.

உள்ளே நடப்பது ஒரு சில்லறை வியாபாரம். தசைக்குச் செல்லுபடியாகும் காசு ஏடிபி என்கிற மூலக்கூறு ஒன்றுதான். அது கையிருப்பில் இருப்பது முழு வேகத்துக்கு இரண்டு மூன்று நொடிக்குத்தான் காணும். அதை உடனுக்குடன் நிரப்ப கிரியேட்டின் பாஸ்பேட் என்று இன்னொரு சேமிப்பு இருக்கிறது, அது ஏறக்குறைய பத்து நொடி வரை ஓட்டும். அதற்குப் பிறகு குளுக்கோஸை உடைத்தாக வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் அவசரமாக உடைத்தால், ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு ஏடிபிதான் நிகர லாபம். ஆக்சிஜனோடு நிதானமாக முழுக்க எரித்தால் முப்பது வரை கிடைக்கும்.

"ரெண்டு எங்க, முப்பது எங்க! அப்புறம் எதுக்கு சார் நஷ்ட வியாபாரம்?"

"பந்தியில ஆள் உட்கார்ந்தப்புறம் சர்க்கரை தீர்ந்துபோச்சு. மொத்தக் கடைக்கு வண்டி அனுப்புவாங்களா? கூட ரெண்டு ரூபா போனாலும் போகுதுன்னு உங்க கடைக்குத்தானே ஓடி வருவாங்க?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். அந்த வியாபாரம் அவருக்குத் தெரியாததா.

உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அது ஏறக்குறைய முழுக்க அவசரச் சரக்கில் ஓடிய ஓட்டம். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோ மாரத்தானை 2 மணி 35 நொடியில் முடித்தார். கணக்குப் போட்டால், ஒவ்வொரு 100 மீட்டரையும் 17 நொடி சொச்சத்தில் ஓடியிருக்கிறார், அதுவும் நிற்காமல் 422 தடவை. நம் பள்ளிப் பையன்களில் பலருக்கு ஒரே ஒரு தடவை 17 நொடியில் ஓடவே நாக்குத் தள்ளும். அவர்களுக்கு அனேரோபிக்காக இருக்கிற வேகம், கிப்டமுக்கு இரண்டு மணி நேரம் தாங்கிய ஏரோபிக் வேகம்.

இரண்டு வழியும் எப்போதும் சேர்ந்தேதான் ஓடுகின்றன. ஒன்றை அணைத்து மற்றதைப் போடும் ஸ்விட்ச் உடம்பில் கிடையாது. உயிரைக் கொடுத்து ஓடும்போது, ஏறக்குறைய 75 நொடிக் கணக்கில்தான் இரண்டின் பங்கும் சரிபாதியாகிறது. அதற்குக் குறைந்தால் அவசர வழியின் கை ஓங்கும், கூடினால் ஆக்சிஜன் வழியின் கை.

"கபடியில மூச்சைப் பிடிச்சுத்தானே பாடிப் போறோம்?" அண்ணாச்சி விடவில்லை.

நல்ல கேள்வி. ஆனால் அது ஆட்ட விதி. மூச்சு விடலாம் என்று விதியை மாற்றினாலும், அந்த 30 நொடிப் பாய்ச்சல் பெரும்பாலும் அவசர வழியில்தான் நடக்கும். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து வாங்குகிறானே மூச்சு, அதுதான் கணக்குத் தீர்க்கிற மூச்சு. ஆங்கிலேய விஞ்ஞானி ஏ.வி. ஹில் இதற்கு 'ஆக்சிஜன் கடன்' என்றே பெயர் வைத்தார்.

லாக்டிக் அமிலத்தின் பழியையும் இங்கேயே துடைத்துவிடுகிறேன். 1780இல் ஷீலே என்ற வேதியியலாளர் புளித்த பாலில் கண்டெடுத்த பொருள் அது. நம் தயிரும் இட்லி மாவும் புளிப்பது அதனால்தான். அவசர வழியில் தசைக்குள்ளும் அதன் உப்பான லாக்டேட் சேர்கிறது. மறுநாள் வரும் உடம்பு வலிக்கு அதுதான் காரணம் என்று நானே பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தப்பு. ஓட்டம் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. அதோடு, இதயம் அதையே எரிபொருளாக எடுத்து எரிக்கிறது. மலைக்குப் போய்வந்த மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் ஏறியதால்கூட இல்லை, இறங்கியதால். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதில் விழும் நுண்ணிய கிழிசல்களின் வலிதான் அது.

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான ஏரோபிக் வேகத்துக்கு இதைவிட எளிய மீட்டர் இல்லை. அண்ணாச்சி நடக்கும்போது பழைய எம்.எஸ்.வி. பாட்டு ஒன்றைச் சரணம் வரைக்கும் பாடுவார். கொஞ்சம் வேகம் கூட்டலாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் இந்த மாதிரி மிதமான பயிற்சி போதும் என்கிறது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்ளும் இடமும் தசைதான். முன்பு அண்ணாச்சியே 25 கிலோ அரிசிச் சிப்பத்தை இறக்கி அடுக்குவார். இப்போது கடைப் பையன்கள் செய்கிறார்கள். ஆக, மகன் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

"மூச்சை மட்டும் பிடிக்காதீங்க. பாரம் தூக்குறப்ப மூச்சை அடக்கினா பிரஷர் குபீர்னு ஏறும். நெஞ்சு இறுக்கினா அந்த நிமிஷமே நிறுத்திட்டு டாக்டர்ட்ட போங்க."

அண்ணாச்சி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "இதையே கை ஊனாம செஞ்சு பாருங்க" என்றேன். உட்கார்ந்தார், எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். எட்டு வரை வாய்விட்டு எண்ணினார், அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. பதினைந்தாவது தடவை எழுந்து நின்றபோது, "அண்ணாச்சி, டீ இன்னொண்ணு போடவா?" என்று மாஸ்டர் கேட்டார். அண்ணாச்சி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.