கணையத்துக்கு இரண்டு வேலை

சர்க்கரை உள்ளவர் இளைத்துக்கொண்டே போனால், 'சர்க்கரை வந்தால் அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். சிலருக்குச் சாப்பாடு செரிக்காததுதான் அந்த இளைப்புக்குக் காரணம்.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மீதி பெரும்பாலும் செரிமான நீர் சுரக்கும் செல்கள். தினமும் ஒரு லிட்டருக்கு மேல் சுரக்கும் அந்த நீரிலுள்ள நொதிகளில் அமிலேஸ் மாவுச்சத்தையும், லைப்பேஸ் கொழுப்பையும், டிரிப்சின் புரதத்தையும் உடைக்கின்றன. இந்தச் செல்களுக்கும் இன்சுலின்தான் ஊட்டம். அது குறைந்தால் இவையும் சுருங்கலாம்.

நம் பக்கம் இது தலைகீழாகவும் நடக்கிறது. மதுவைத் தொடாத இளவயதினருக்கே கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள் படிந்து, முதலில் வயிற்றுவலி, பிறகு சர்க்கரை என்று வருகிறது. 1959-இல் இந்தோனேசியாவில் சூடேமா என்ற மருத்துவர் இதை விவரித்தார். அடுத்த பத்தாண்டில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸும், பின்னாளில் சென்னையில் டாக்டர் வி. மோகனும் விரிவாக ஆராய்ந்தார்கள்.

இந்த நோய்க்குக் காரணம் என்று மரவள்ளிக் கிழங்கின் மேலும் பழி விழுந்தது. பச்சைக் கிழங்கிலுள்ள லினமரின் சயனைடை வெளிவிடும் என்பதால் வந்த சந்தேகம் அது. ஆனால் மரவள்ளியே உண்ணாதவர்களுக்கும் நோய் வந்தது, பழி நிரூபணமாகவில்லை. பின்னர் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் தென்பட்டது. நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்த கிழங்குக்குப் பயப்பட வேண்டாம். மாவுச்சத்து அதிகம் என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் அளவோடு சாப்பிட்டால் போதும்.

கவனிக்க வேண்டியது மலத்தை. லைப்பேஸ் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் கொழுப்பு செரிக்காது. மலம் வெளிறி, கடுமையாக நாறி, கோப்பையில் பிசுபிசுவென ஒட்டும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். கொழுப்போடு ஏ, டி வைட்டமின்களும் வீணாவதால் மாலைக்கண்ணும் எலும்புத் தேய்வும் வரலாம். சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மின் மாத்திரையாலும் வயிறு போகலாம். ஆகவே நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

ஒரு கிராம் மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதி 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் கணையத்தைச் சந்தேகிப்பார்கள். கற்கள் எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ தெரியும். தீர்வு, பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த நொதிகள் அடங்கிய கேப்சூல். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். உணவு செரிக்கத் தொடங்கியதும் ரத்தச் சர்க்கரை ஏறலாம். இன்சுலின் அளவை டாக்டர் மாற்றித் தருவார்.

அடுத்த முறை சர்க்கரை பரிசோதனைக்குப் போகும்போது, மலம் எப்படிப் போகிறது என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.