தீயணைப்பு வண்டி வரும்வரை ஊரைக் காப்பது யார்?

கடந்த கோடையின் ஒரு பிற்பகல். சின்னசேலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் உறவினர் வீட்டில் இருந்தேன். மக்காச்சோளத் தட்டைப் போரில் பற்றிய தீ, காற்றின் வேகத்தில் பக்கத்துக் கூரை வீட்டுக்குத் தாவியது. நான் செய்த ஒரே வேலை 101 என்ற எண்ணை அழைத்ததுதான். அதற்குள் ஊர் திரண்டுவிட்டது. பெண்கள் குடங்களோடு வரிசை கட்டினார்கள். ஒருவர் டிராக்டரில் பொருத்திய மருந்துத் தெளிப்பானில் நீரை நிரப்பிக்கொண்டு வந்தார். இரண்டு இளைஞர்கள் நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்து, எரிவாயு உருளையை வெளியே இழுத்துப் போட்டார்கள். வேறொரு தீயை அணைக்கச் சென்றிருந்த வண்டி, அங்கிருந்து வந்து சேர்ந்தபோது அந்த வீடு மிஞ்சவில்லை. ஆனால், அடுத்தடுத்து இருந்த வீடுகள் தப்பின. உருளையை இழுத்தவர்களில் ஒருவருக்கு இரண்டு உள்ளங்கைகளும் வெந்துபோயின. அவர் கரும்பு வெட்டும் தொழிலாளி. வெட்டுப் பருவம் முடியும்வரை அவரால் கத்தியைப் பிடிக்க முடியவில்லை.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலமெல்லாம், பொதுப் பண்டங்களைப் பற்றி ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறேன். ஒரு நன்மையை உழைக்காதவரும் அனுபவிக்க முடியும் என்றால், அதற்காக உழைக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்பது அதன் சாரம். அன்று என் கண்ணெதிரே அந்தப் பாடம் பொய்த்துப்போனது. கூப்பிடாமலே வந்தார்கள், கூலி கேட்காமல் உழைத்தார்கள். அன்று மாலை கோயில் மண்டபத்தில் கூடிப் பேசியபோது, நீளமான குழாய் ஒன்றும் நான்கைந்து தோல் கையுறைகளும் ஊர்ப் பொதுவில் வாங்கிவைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். எல்லோரும் தலையசைத்தார்கள். சில மாதங்கள் கழித்துப் போனபோது எதுவும் வாங்கப்பட்டிருக்கவில்லை. சொன்ன நானும் வாங்கிக் கொடுத்திருக்கவில்லை. பாடம் முழுமையாகப் பொய்த்துவிடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தீ எரியும்போது நம் ஊர்களில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. தீ இல்லாத நாட்களில் செய்ய வேண்டிய ஆயத்தத்துக்குத்தான் ஆளில்லை.

முதல் இருபது நிமிடங்கள்

தகவல் கிடைத்ததிலிருந்து நகர்ப்புறத்தில் 5 முதல் 7 நிமிடங்களுக்குள்ளும், ஊரகத்தில் 20 நிமிடங்களுக்குள்ளும் தீயணைப்பு வண்டி சென்று சேர வேண்டும் என்பது இந்தியாவில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும் அளவுகோல். இந்த அளவுகோல் முழுமையாக நிறைவேறினாலும், கூரை வீடு எரிந்து அடங்க 20 நிமிடம் தேவையில்லை. ஆக, ஊரகத்தில் தீயணைப்பின் முதல் கட்டம் எப்போதுமே அக்கம்பக்கத்தாரின் கையில்தான் இருக்கிறது. இது தீயணைப்புத் துறையினரின் குறையன்று, தூரத்தின் கணக்கு. வருகிற வண்டியும் வழக்கமாகச் சுமார் 4,500 லிட்டர் நீரைத்தான் சுமந்து வருகிறது. முழு வேகத்தில் பீய்ச்சினால் அது பத்து நிமிடம் தாங்குவதே பெரிது. மீண்டும் நீர் நிரப்ப எங்கே போவது என்று ஓட்டுநருக்கு வழிகாட்டுவதும் உள்ளூர்க்காரர்தான்.

சிலி, ஜெர்மனி போன்ற நாடுகளில் இவர்களுக்குத் 'தன்னார்வத் தீயணைப்பு வீரர்' என்று பெயர் உண்டு; சீருடையும் பயிற்சியும் காப்பீடும் உண்டு. நம் ஊரில் அதே வேலையைச் செய்பவருக்குப் பெயர்கூடக் கிடையாது. மறுநாள் செய்தியில் 'அப்பகுதி மக்கள்' என்ற இரண்டு சொற்களில் அவர் அடங்கிவிடுகிறார்.

அவர்கள் படும் பாடு

இவர்களுடைய சிக்கல்கள் வீரம் சார்ந்தவை அல்ல, மிகச் சாதாரணமானவை. முதலாவது மின்சாரம். எரியும் வீட்டில் நீரைப் பாய்ச்சுவதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இல்லையென்றால் நீரே எமனாகும். ஆனால், அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தினால் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் நின்றுவிடும். விவசாய மோட்டார்களுக்கான மும்முனை மின்சாரமோ முறை வைத்துத்தான் வருகிறது. எனவே, மேல்நிலைத் தொட்டியில் இருக்கும் நீரும் டிராக்டர் டேங்கரில் இருக்கும் நீரும்தான் கைகொடுக்க வேண்டும். தொட்டியிலிருந்து வேகமாக நீர் எடுக்கத் தனிக் குழாய்வாய் பெரும்பாலான ஊர்களில் இல்லை.

இரண்டாவது உடை. லுங்கியும் பாலியெஸ்டர் சட்டையும் அணிந்து, வெறுங்காலுடன் தீக்கு அருகில் போகிறார்கள். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, எப்போது நெருங்கக் கூடாது என்ற அறிவு. 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளி நெருங்கிய வேளையில், இதே மாவட்டத்தின் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடையில் ஏற்பட்ட தீ பல உயிர்களைப் பறித்தது. அத்தகைய இடங்களில் தன்னார்வலர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, கூட்டத்தை விலக்கி, வண்டி வரும் வழியைத் திறந்து வைப்பதே. வேகத்தோடு நிதானமும் கற்பிக்கப்பட வேண்டிய ஒன்று. தீயணைப்பு நிலையங்கள் பொதுமக்களுக்குத் தம் கதவுகளைத் திறந்து பயிற்சி அளிக்க முன்வந்தாலும், தினக்கூலியை விட்டுவிட்டு அங்கே போய்வர ஒரு தொழிலாளிக்கு என்ன ஊக்கம் இருக்கிறது?

நான்காவது, காயம்பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி. கள்ளக்குறிச்சியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. ஆனால், சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் இழந்த கூலியை அது ஈடுசெய்வதில்லை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைச் சட்டச் சிக்கல்களிலிருந்து பாதுகாக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது. அடுத்தவர் வீட்டுத் தீயில் கை வெந்தவருக்கோ, அன்று மாலை கிடைத்த பாராட்டோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

மலையில் நிலைமை

கல்வராயன் மலையில் இந்தச் சிக்கல்கள் அனைத்தும் இரட்டிப்பாகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த இலையுதிர் காடுகளில், பிப்ரவரி முதல் சருகு கனத்துக் கிடக்கும். இங்கே தீயை நீரால் அணைக்க முடியாது. பச்சைக் கிளைகளால் அடித்தும், சருகை ஒதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டும், தேவைப்பட்டால் எதிர்த்தீ வைத்தும்தான் நிறுத்த வேண்டும். இந்த அறிவு மலையாளிப் பழங்குடியினரிடம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. வண்டி போகும் சாலை இல்லாத குடியிருப்புகள் இன்னும் இருக்கின்றன. சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் இம்மலை மக்களுக்குக் கிடைக்காதது பற்றி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. இன்னொரு பக்கம், பிழைப்புக்காக இளைஞர்கள் கேரளம், கர்நாடகம் எனத் தோட்ட வேலைக்குப் போய்விடுவதால், கோடையில் ஊரில் எஞ்சுபவர்கள் முதியோரும் பெண்களும் குழந்தைகளுமே. தீயை அடிக்கத் தெரிந்தவர் ஒரு மாநிலத்திலும், தீ மற்றொரு மாநிலத்திலும் இருப்பதுதான் இன்றைய நிலை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அன்று தகவலறிந்ததும் மலையேறி ஓடியவர்களில் உள்ளூர் மக்களும் பழங்குடியினரும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். கரடுமுரடான பாதையில், காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள்.

அட்டவணையில் விடுபட்ட சொல்

இந்த நிலைக்கு நிதிக் காரணமும் சட்டக் காரணமும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அளிக்கக்கூடிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஏழாவது, தீயணைப்புப் பணி. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன. நூலகம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, மீன்வளம் இருக்கிறது, தீயணைப்பு இல்லை. ஊரகத்தில் தீப்பிடிக்காது என்று யாரும் கருதியிருக்கமாட்டார்கள். ஆயினும், பட்டியலில் இல்லாத பணிக்கு நிதித் தலைப்பு கிடையாது. நிதித் தலைப்பு இல்லாத செலவுக்கு எந்த ஊராட்சித் தலைவரும் துணியமாட்டார்.

பதினைந்தாம் நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, மாநிலங்களில் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கி நவீனமாக்க ரூ.5,000 கோடி ஒதுக்கும் திட்டத்தை ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கியது. வரவேற்கத்தக்கது. ஆனால், புதிய நிலையங்களும் வண்டிகளும் எவ்வளவு பெருகினாலும், முதல் பத்து நிமிட இடைவெளியை அவற்றால் முழுமையாக நிரப்ப முடியாது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலருக்குப் பயிற்சியும் உபகரணப் பையும் காப்பீடும் அளிக்கத் திட்டமிட்டது. இந்த எண்ணம் சரியானது. ஒரு கோடைகாலச் சிற்றூரின் தேவைக்கு ஏற்ப இதை இறக்கிக் கொண்டுவருவதே மிச்சமிருக்கும் வேலை.

பிறர் கற்றது

சிலி நாட்டில் 1851-இல் வால்பரைசோ துறைமுக நகரில் தொடங்கிய மரபு, இன்றும் நாடு முழுவதும் ஊதியமற்ற தீயணைப்பு வீரர்களையே நம்பி இயங்குகிறது. ஜெர்மனியில் இத்தகையோர் சுமார் 10 லட்சம் பேர். அங்கே தீயணைக்கப் போகும் தொழிலாளிக்கு அன்றைய ஊதியம் பிடிக்கப்படாது. முதலாளிக்கு அதை உள்ளாட்சி ஈடுசெய்யும். ஆஸ்திரேலியாவில் 2019 இறுதியில் காட்டுத் தீ வாரக்கணக்கில் நீண்டபோது, வருமானம் இழந்த தன்னார்வலருக்கு நாளொன்றுக்கு 300 டாலர் வரை இழப்பீடு வழங்க அந்நாட்டு அரசு முடிவெடுத்தது. தன்னார்வம் என்பது செலவில்லாதது அன்று. அந்தச் செலவை யார் சுமப்பது என்பதே கேள்வி என்று அந்த அரசுகள் உணர்ந்திருக்கின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2018 பெருவெள்ளத்தில் மீனவர்களும் இளைஞர்களும் ஆற்றிய பணியைக் கண்ட கேரளம், மறு ஆண்டே தன் தீயணைப்புத் துறையின் கீழ் குடிமைப் பாதுகாப்புப் படையை உருவாக்கும் முடிவை எடுத்தது. நிலையத்துக்கு 50 பேர் என்ற கணக்கில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்றுவிக்கப்பட்டார்கள்.

என்ன செய்யலாம்?

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஜனவரி 26 கூட்டம், கோடைக்குச் சற்று முன் வருவது. அந்தக் கூட்டத்தின் பொருள் நிரலில் 'தீத்தடுப்பு ஆயத்தம்' என்ற ஒரு வரி கட்டாயமாக்கப்படட்டும். பத்துப் பன்னிரண்டு பேரின் பெயர்கள் தீர்மானத்தில் பதிவாகட்டும். அதில் ஊர்த் தெருவும் காலனியும், ஆண்களும் பெண்களும் இருக்கட்டும். தெரு பார்த்து நிற்காத தீயை அணைக்கும் குழு, தெரு பார்த்து அமையக் கூடாது. டிராக்டர் டேங்கர் யாரிடம் இருக்கிறது, டீசல் எஞ்சின் யாரிடம் இருக்கிறது, மின்வாரியத்தில் யாரை அழைப்பது என்ற பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்படட்டும்.

மேல்நிலைத் தொட்டிக்குத் தீயணைப்பு வண்டியின் குழாய் பொருந்தும் 63 மில்லிமீட்டர் இணைப்பு ஒன்றைப் பொருத்துவது பெரிய செலவில்லை. நீண்ட குழாய், தோல் கையுறை, பருத்தி மேலாடை, மணல் வாளி, முதலுதவிப் பெட்டி ஆகிய அனைத்தும் சேர்ந்தாலும் ஓர் ஊராட்சியால் தாங்கக்கூடியதே. ஆண்டுக்கொரு நாள் தீயணைப்பு வீரர்கள் ஊருக்கே வந்து பயிற்சி தர வேண்டும். அன்றைய கூலியைப் பயிற்சிப் படியாக வழங்க வேண்டும். மலைக் கிராமங்களில் கிராம வனக் குழுக்களுக்கு இதே ஏற்பாடு வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே கண்டறியும் காட்டுத் தீ எச்சரிக்கைகளைப் பதிவுசெய்துகொள்ளும் எவரும் பெறலாம். அதைக் குழுவிலுள்ள ஒருவரின் கைப்பேசிக்கு வரச் செய்வதற்குச் செலவே இல்லை.

மாநில அரசு செய்ய வேண்டியவை இரண்டு: தீர்மானத்தில் பெயர் பதிவான ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு, காயத்தால் வேலை இழந்தால் வாரக் கணக்கில் இழப்பீடு. கூடவே, ஊராட்சிகளுக்குத் தீத்தடுப்புக்கெனத் தனி நிதித் தலைப்பை ஓர் அரசாணை மூலம் உருவாக்கலாம். 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்கோடு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் எட்டு லட்சம் வீடுகள் கட்டப்படும் என அரசு அறிவித்திருக்கிறது. கூரை குறையக் குறையத் தீயும் குறையும். அதுவரை, கூரைக்குக் காவல் அண்டை வீட்டார்தான்.

பொதுவளங்களை மக்கள் தாமே கூடிக் காக்க முடியும் என்று காட்டியதற்காக எலினோர் ஆஸ்ட்ரோம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஏரியைக் குடிமராமத்து முறையில் பேணிய நமக்கு அது புதுச் செய்தியன்று. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க இன்றும் நமக்குத் தெரியும். விதிகளும் முறையும் இருந்தால் ஊர் ஒன்றுகூடும் என்பதற்கு இவையே சான்று.

அண்மையில் அந்தக் கரும்பு வெட்டும் தொழிலாளியைச் சின்னசேலம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கைகள் ஆறிவிட்டன, விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. நலம் விசாரித்த என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தக் குழாய் வாங்கியாச்சுங்களா, சார்?”

இன்னும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த கோடைக்குள் அந்தப் பதிலை மாற்ற வேண்டிய கடமை எனக்கும் இருக்கிறது. ஊராட்சிக்கும் அரசுக்கும் இருக்கிறது.