கறுப்பு ஒயினும் வாத்துக் கறியும்
திராட்சையின் புகழை அர்ஜெண்டினாவிடம் பறிகொடுத்த பிரெஞ்சு ஊர், சாப்பாட்டு மேஜையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை

சூப் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதில் சிவப்பு ஒயினை ஊற்றி ஒரு கலக்குக் கலக்கி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிடுவார்கள். பிரான்ஸின் தென்மேற்குக் கிராமங்களில் பெரியவர்களின் பழைய வழக்கம் இது. பெயர் ஷாப்ரோ. பாரிஸ் கனவான்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் லோட் நதிக்கரையில் இருக்கும் கயோர் நகரத்தின் ஒயின் எப்படிப்பட்டது என்பதை இந்த ஒரு வழக்கமே சொல்லிவிடும். அது சாப்பாட்டை விட்டு விலகி நிற்காத ஒயின்.

மால்பெக் திராட்சை குறைந்தது 70 சதவீதம் இருந்தால்தான் கயோர் என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். மீதி மெர்லோ, டன்னா திராட்சைகள். நிறம் அடர்ந்து கிடப்பதால் 'கறுப்பு ஒயின்' என்றே அந்தக் காலத்தில் அழைத்தார்கள்.

கயோரின் கதை நெடுக அடிதான். பீப்பாய்கள் நதி வழியாகப் போர்தோ துறைமுகம் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். அந்த ஊர் வியாபாரிகளோ தங்கள் சரக்கு முதலில் விலைபோகும்படி சலுகைகளை வாங்கி வைத்திருந்தார்கள். 1776இல் அந்தச் சலுகைகள் ஒழிந்தன. நூறாண்டுகளுக்குப் பின் வேரை அரிக்கும் பைலக்ஸெரா பூச்சி வந்தது. தப்பிப் பிழைத்ததையும் 1956 பிப்ரவரி உறைபனி கொன்றது. மறுபடி நட்டு வளர்த்து, 1971இல் அரசின் உயர்தரப் பிராந்திய ஒயின் அங்கீகாரத்தைப் பெற்றார்கள்.

இதற்கிடையில் 1853இல் மிஷெல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் அர்ஜெண்டினாவுக்குப் போயிருந்தார். அவர் கொண்டுபோன கொடிகளில் மால்பெக்கும் ஒன்று. மெண்டோசாவின் வெயிலில் அது செழித்தது. இன்று மால்பெக் என்றால் உலகத்துக்கு அர்ஜெண்டினாதான். ஊர்ப் பெயரையே நம்பியிருந்த கயோர்க்காரர்கள், வேறு வழியில்லாமல் புட்டியில் மால்பெக் என்றும் பெரிதாக அச்சடிக்க ஆரம்பித்தார்கள்.

அர்ஜெண்டினா மால்பெக் கனிந்தது, வழவழப்பானது. தனியாகவே குடிக்கலாம். கயோர் அப்படியல்ல. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை வறட்டும். பாக்குக் கடித்தவர்களுக்கு அந்த உணர்வு புரியும். கொழுப்பும் புரதமும் சேர்ந்தால் துவர்ப்பு அடங்கும். அதற்குத் தோதான சாப்பாடு உள்ளூரிலேயே தயார்.

முதலிடம் வாத்துக் கான்ஃபிக்கு. காலை உப்பில் ஊறவைத்து, வாத்தின் கொழுப்பிலேயே மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகவைத்து, அந்தக் கொழுப்பிலேயே மூடிச் சேமிப்பார்கள். பரிமாறும்போது தோல் மொறுமொறுப்பாக வறுபடும். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின் என்று போனால் இரண்டுமே திகட்டாது. வெள்ளை பீன்ஸும் தொத்திறைச்சியும் சேர்ந்த கசூலே, கேர்ஸி மேட்டு நிலத்து ஆட்டுக்கறி, லால்பெங் கிராமத்தின் குளிர்காலச் சந்தைக்கு வரும் கறுப்பு ட்ரஃபிள் காளான் எல்லாமே ஒத்துப்போகும். பக்கத்து ரோகமதூரின் வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டியையும் உள்ளூர்க்காரர்கள் சேர்ப்பார்கள். அதற்கு வெள்ளை ஒயினே மேல்.

மிளகாய்க் குழம்பு மட்டும் கூடாது. காரமும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூண்டிவிடும். மிளகும் நெய்யும் போட்டு வறுத்த ஆட்டுக்கறி பொருந்தும்.

இளம் ஒயினென்றால் ஒரு மணி நேரம் முன்பே திறந்து குடுவையில் ஊற்றி வைப்பது நல்லது. 16 முதல் 18 டிகிரி சரியான பதம். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று புத்தகங்கள் சொல்வது பிரெஞ்சுக் கல்வீட்டு அறையை. நாக்பூர் மே மாதத்து அறைக்கு, முதலில் ஃபிரிட்ஜ் வேண்டும்.