கணுக்காலில் ஒரு பொய் ஊசி

எங்கள் வயதுப் பெண்கள் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது மாப்பிள்ளையை அல்ல, பாத்ரூமை. வந்தால் அடக்க முடியாது. போனால் அரை டம்ளர்கூட இருக்காது. சிறுநீர்ப்பை நிறையும் முன்பே அதன் தசை சுருங்கி விரட்டுகிற இந்தத் தொல்லையை டாக்டர்கள் ‘ஓவர்ஆக்டிவ் பிளாடர்’ என்கிறார்கள். மாத்திரை இருக்கிறது. ஆனால் வாய் வறண்டு, மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ள, பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இதற்குக் காலில் ஊசி குத்தி வைத்தியம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு மூன்று விரல்கடை மேலே, முடி போன்ற ஊசி. அதன் வழியே மெல்லிய மின்சாரம். கால் பெருவிரல் தானாக மடங்கினால் டிபியல் நரம்பு சிக்கிவிட்டது என்று அர்த்தம். வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம், மொத்தம் 12 வாரம். அந்த நரம்பும் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் முதுகுத்தண்டின் அடியில் ஒரே பகுதியில்தான் போய்ச் சேர்கின்றன. அமெரிக்க டாக்டர் எட்வர்டு மெக்குவைர் 1983-லேயே இந்த நரம்பைத் தூண்டிப் பார்த்து எழுதியிருக்கிறார். சீன அக்குபங்சர் புள்ளி ஒன்றுதான் அவருக்கு வழிகாட்டி.

சரி, பலன் உண்டா? மாத்திரை என்றால் பரிசோதிப்பது சுலபம், மாவு மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டுவிடலாம். சுருக்கென்று உணரும் மின்சாரத்துக்குப் போலி எப்படிச் செய்வது? 2010-இல் வெளியான ‘சுமிட்’ என்ற அமெரிக்க ஆய்வில் அதற்கு அழகான ஏற்பாடு செய்திருந்தார்கள். 23 மையங்களில் 220 பேர். கால் கண்ணில் படாதபடி துணியால் மறைத்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்கு மழுங்கிய ஊசி. அழுத்தினால் தோலுக்குள் இறங்காமல் தன் பிடிக்குள்ளேயே போய்விடும், ஆனால் குத்தியது போலவே இருக்கும். சுண்டுவிரல் பக்கம் ஒட்டிய பட்டையிலிருந்து லேசான கூச்சம் வேறு. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது.

நிஜ ஊசிக்காரர்களில் 54.5 சதவீதம் பேர், மிதமாகவோ நன்றாகவோ தேறியிருக்கிறது என்றார்கள். பொய் ஊசிக்காரர்களில் 20.9 சதவீதம்.

ரிட்டையர்டு கணக்கு டீச்சரான என் கண் இரண்டாவது எண்ணில்தான் நின்றது. தோலைக்கூடத் துளைக்காத ஊசியால் ஐந்தில் ஒருவருக்குச் சுகம்! வாரம் தவறாமல் ஒருவர் அக்கறையாக விசாரிப்பதிலும், எத்தனை தடவை போனோம் என்று குறித்து வைப்பதிலும் அவ்வளவு இருக்கிறது. அதைக் கழித்த பிறகும் மிஞ்சுவதுதான் மின்சாரத்தின் கணக்கு. எல்லா இடத்திலும் அப்படி மிஞ்சுவதில்லை. இதே முறையை மலக்கசிவுக்குப் பயன்படுத்தி பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது: நிஜ ஊசியில் பலன் கண்டவர்கள் 38 சதவீதம், பொய் ஊசியில் 31. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்.

ஊசியை நிறுத்தினால் பலன் மெல்லக் கரையும் என்பதால், தேறியவர்களும் மாதம் ஒருமுறையாவது போக வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சலுக்கு மாற்றாக, நாணய அளவுக் கருவி ஒன்றைக் கணுக்காலுக்கு மேலே தோலுக்கடியில் பதித்துவிடும் முறைக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 133 பேரிடம் நடந்த ஆய்வில் 68 சதவீதம் பேருக்குச் சிறுநீர்க் கசிவு பாதியோ அதற்கு மேலோ குறைந்ததாம். அந்த ஆய்வில் பொய்க் கருவிக் குழு கிடையாது. 68-லிருந்து எவ்வளவைக் கழிப்பது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.