செம்பனைத் தோட்டத்தில் மெலிந்த கைவேலை

மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது கோலசிலாங்கூரில்தான். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொகோனியே. ஆனாலும் அதன்பின் வெகுகாலம் வட சிலாங்கூர்த் தமிழர்களுக்குச் சோறு போட்டது பால்மரம், அதாவது ரப்பர் மரமே. 1960-களில் ரப்பர் விலை சரிந்ததும் தோட்டங்கள் செம்பனைக்கு மாறத் தொடங்கின. பால்மரத்தை விடியுமுன் மரம் மரமாகச் சீவ வேண்டும். செம்பனையில் குலை பழுத்தபின் வெட்டினால் போதும். அதே நிலத்துக்கு முன்பைவிடக் குறைந்த ஆட்களே போதுமானார்கள்.

அடுத்த அடி பெண்கள்மேல் விழுந்தது. செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனிக் கொத்துகளாக வரும். 1980 வரை மகரந்தம் சேர்ப்பது கைவேலை. மகரந்தத்தை டால்க் தூளோடு கலந்து, மரம் மரமாக நடந்து, விரிந்த பெண்பூங்கொத்தின்மேல் ஊதுவார்கள். இதில் பெரும்பாலும் பெண்களே இருந்தார்கள். கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகைக் கூன்வண்டு 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. பூவுக்குப் பூ பறந்து அதுவே மகரந்தத்தைச் சேர்த்தது. ஓர் இயந்திரமும் வாங்காமல், சில ஆண்டுகளிலேயே ஒரு தொழில் மறைந்துபோனது. விளைச்சல் கூடியதை எல்லாரும் பாராட்டினார்கள்; வேலை இழந்த பெண்களை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

தோளிலும் தள்ளுவண்டியிலும் சுமந்த குலைகளைப் பின்னர் சிறு டிராக்டரின் இரும்புப் பிடி அள்ளிக்கொண்டது. குட்டை மரங்களில் குலை வெட்ட மோட்டார் அரிவாளும் வந்துவிட்டது. உயர்ந்த மரத்தில் பழுத்த குலையைப் பார்த்தறிந்து வெட்ட இன்னும் மனிதக் கண்ணும் கையும் வேண்டும். அந்தக் கடும் வேலைக்குப் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேச இளைஞர்களே வருகிறார்கள். உதிரிப்பழம் பொறுக்கியும் மருந்தடித்தும் பிழைத்த வயதானவர்களுக்கு மாற்று வேலை எளிதில் கிடைப்பதில்லை.

தோட்டத்தில் வேலை போனால் தோட்டம் கொடுத்த வீடும் போகும். மேரி, நைஜல் கார்ட்னர் உள்ளிட்ட ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள், நிலம் கைமாறிய பின் வீட்டுக்காகப் பல்லாண்டு போராடின.

1980-ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி ஆட்குறைப்பில் வேலை இழப்பவருக்கு, ஐந்தாண்டோ அதற்கு மேலோ உழைத்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் உண்டு. முப்பதாண்டு உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம். 2018-இல் வந்த வேலைக் காப்புறுதித் திட்டம், வேலை தேடும் காலத்தில் அதிகபட்சம் ஆறு மாதம் உதவித்தொகை தருகிறது: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, ஆறாம் மாதம் 30. இரண்டும் முறையாகப் பதிவான தொழிலாளிக்கே எட்டும். குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்குப் போகிறவர், காப்புறுதிச் சந்தாவும் கட்டப்படாமல், தொடர்ந்து உழைத்ததைக் காட்டத் தாளும் இல்லாமல் வெளியே நிற்கிறார்.